புது லென்ஸில் ஓர் ஈயப்பொட்டு

பாப்பா,

நீ நல்ல தூக்கத்தில் இருந்தாய், எழுப்பவில்லை.

போன மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா சிடி பிளேயருக்குப் புது லென்ஸ் மாட்டி, ஒரு சிடியைப் போட்டுப் பார்த்தாள். பழையபடி ‘நோ டிஸ்க்’ என்றே காட்டியது. ஃபிரிட்ஜைவிட விலை கொடுத்து வாங்கிய பெட்டி அது. “நோண்டி நோண்டி ஒரேயடியா கெடுத்துட்டியே!” என்றேன். “வாய மூடிட்டு டார்ச்சப் பிடிங்க. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றாள். மறுநாள் அவள் எழுந்திருக்கவே இல்லை.

பழைய சாமான் வாங்குகிறவர் பதினொரு மணிக்கு வந்தால் பெட்டியைக் கொடுக்காதே. நேற்று நீ அவரை வரச் சொன்னதற்காக உன்னிடம் கத்தியது தப்புதான். ஆனாலும் கொடுக்காதே.

காலையில் ரிப்பேர்க்காரரிடம் போனில் பேசினேன். “வர்ற வழியில கெட்டுப்போகாம இருக்க, புது லென்ஸ்ல ஈயத்தால ஒரு பொட்டு வெச்சு அனுப்புவாங்க சார். மாட்டினதும் அத எடுத்துடணும். இல்லேன்னா சிடியப் படிக்காது. அம்மா எடுத்தாங்களா?” என்றார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கடுகளவுப் பொட்டு, எடுக்காமல் இருக்கிறது.

அவள் எதையும் கெடுக்கவில்லை, பாப்பா. நான்தான் அவசரப்பட்டேன்.

ரிப்பேர்க்காரரைக் கையோடு அழைத்து வரப் போகிறேன். இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுகிறேன். சோறு குக்கரில் இருக்கிறது, எனக்காகக் காத்திருக்காதே. மேஜையைத் துடைக்கிறேன் என்று பெட்டியை நகர்த்திவிடாதே.

– அப்பா

இன்னொன்று: லென்ஸைக் கழற்ற வேண்டியதில்லையாம். அம்மா மாட்டியதே இருக்கும்.