முத்துகிருஷ்ணன் போட்ட படம்

கோவில்பட்டி,
ஐப்பசி, புதன்கிழமை.

அன்புள்ள பூங்கொடிக்கு வன்னியபெருமாள் எழுதுவது. இங்கே நானும் மாரியும் சுகம். உன் சுகத்தை உங்கள் ஆபிஸ் முத்துகிருஷ்ணன் சார் மூலம் அறிந்தேன். உன் வாயாலும் ஒருதரம் சொன்னால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வேன்.

கேலி பேசுகிறேன் என்று தள்ளிவிடாதே, முழுவதும் படி. நீ சார்ஜாவிலிருந்து வாங்கி அனுப்பிய புதுக் கம்ப்யூட்டரில் நான் தமிழில் அடிக்கும் முதல் விஷயம் இந்தக் கடிதம்தான். போனில் பேசலாம் என்றால் உன் அறையில் எந்நேரமும் நாலு பேர் இருக்கிறார்கள், "அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிடுகிறாய். மெயிலில் அனுப்பலாம் என்றால் அதை ஆபிஸில் திறப்பாய். அங்கே உள்ள அத்தனை கம்ப்யூட்டருக்கும் காவல் யார்? அதே முத்துகிருஷ்ணன். அதனால் அச்செடுத்து அப்துல் ரஹ்மான் அண்ணாச்சியின் மருமகன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை சார்ஜாவுக்குக் கிளம்புகிறார்.

இங்கே நல்ல மழை. புதூரில் உன் அண்ணன் உளுந்து விதைத்துவிட்டார். போய்ப் பார்த்து வந்தோம். கரிசல் இளகிக் கிடக்கிறது, ஓர் எட்டு வைத்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. நீ கிளம்பிய வருஷமும் இப்படித்தான். அண்ணனிடம் சொல்லிக்கொள்ள வயலுக்குள் போய்ச் செருப்பு வாரைப் பிய்த்துக்கொண்டு வந்தாய். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கடையில் கிடந்த பழைய மவுஸின் நீல ஒயரை வெட்டி நான்தான் இழுத்துக் கட்டிக் கொடுத்தேன். அங்கே போனதும் நல்லதாக ஒன்று வாங்கிக்கொள் என்றேன். சரி என்றாய்.

மாரி நன்றாகப் படிக்கிறாள். கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தவள் அவள்தான். கையோடு ஏதாவது விளையாட்டை ஏற்றித் தரச் சொல்லி நச்சரிக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பதினைந்து வருஷமாகத் தீப்பெட்டி லேபிளுக்கு டிசைன் போடுகிறவன் நான். என் கம்ப்யூட்டரில் என்னென்ன ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நீ முத்துகிருஷ்ணன் சாரிடம் சொல்லிவைத்திருக்கிறாய், அவர் அங்கிருந்தே பார்த்துக்கொள்வார் என்றாய். அவரும் கூப்பிட்டார். எட்டயபுரத்துக்காரர் என்பதால் பேச்சில் ஒரு குறையும் இல்லை, வார்த்தைக்கு வார்த்தை அண்ணாச்சி. முதலில் ஏதோ ஒன்றை ஏற்றச் சொல்லி, அதில் வந்த எண்ணைக் கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான், திரையில் அம்புக்குறி தானாக நடக்க ஆரம்பித்தது. என் கடை, என் நாற்காலி, என் பெண்டாட்டி வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர். அதில் இன்னொருத்தர் உலாத்துகிறார், நான் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறேன். எரியாதா பூங்கொடி? எரிந்தது.

நெட் பார்க்க ஒன்று, தமிழ் அடிக்க ஒன்று, சிவகாசி அச்சகத்துக்காரர்கள் சுருட்டி அனுப்பும் கோப்புகளைப் பிரிக்க ஒன்று, வைரஸுக்கு ஒன்று என்று வரிசையாக ஏற்றினார். கடைசியில், லேபிள் டிசைனையெல்லாம் வேறு இடத்தில் தானாகவே ஒரு நகல் எடுத்து வைக்கிற ஒன்று. இது ரொம்ப அவசியம் அண்ணாச்சி, போனது போனதுதான், திரும்பி வராது என்றார். பெண்டாட்டியைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறவனிடம் அதை யார் சொல்வது என்று ஒரு முறை இல்லையா?

எல்லாம் முடிந்தபிறகு, திரை வெறுமையாக இருக்கிறதே என்று ஒரு படம் போட்டார். நீ. கடற்கரையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தலைமுடி பறக்கச் சிரிக்கிறாய். அந்தப் படத்தை நீ எனக்கு அனுப்பியதில்லை. அந்தச் சிரிப்பையும் நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. யார் எடுத்த படம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அண்ணாச்சி, மேடம் இன்னும் ரெண்டு வருசம் இருக்கதுக்கு இந்த மாசக் கடைசில கையெழுத்துப் போடணும்லா. ஒங்ககிட்ட சொல்லிருப்பாவளே?"

சொல்லியிருக்கிறாள் என்றேன். வேறு என்ன சொல்வேன்? என் பெண்டாட்டி வரப்போகிறாளா இல்லையா என்பதை எட்டயபுரத்து ஆள் சொல்லி நான் தெரிந்துகொள்கிறேன். இந்தப் பங்குனித் திருவிழாவுக்கு அம்மா வந்துவிடுவாள் என்று மாரி பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள்.

போனை வைத்ததும் அவர் ஏற்றிய எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் நீக்கினேன். அவர் அவசியம் என்றதெல்லாம் எனக்கு அநாவசியமாகப் பட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. மறுநாள் அப்துல் ரஹ்மான் அண்ணாச்சி வந்து நிற்கிறார், தீபாவளிச் சரக்குக்கு இரட்டைப் பம்பரம் தீப்பெட்டி லேபிள் அவசரமாக வேண்டும் என்று. சிவகாசியிலிருந்து வந்த கோப்பு திறக்கவில்லை. புதுக் கம்ப்யூட்டரில் எதுவும் இல்லையா என்று பாவமாகக் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாக நானே தேடி மறுபடி ஏற்றினேன். வேறு நல்லது கிடைக்காதா என்று அலசிப் பார்த்தேன். கடைசியில் அவர் ஏற்றிய அதே சாமான்களில்தான் வந்து நின்றேன். மனுஷர் சொன்னது அத்தனையும் சரி. அது இன்னும் கொஞ்சம் எரிந்தது. அந்த வைரஸ் பிடிக்கிற சாமான் வேறு, நான் கையால் வரைந்த பழைய லேபிள்களையே திருடன் என்று பிடித்து வைத்தது. சந்தேகப் புத்தி. இதற்குமேல் அதைப்பற்றி நான் பேசக் கூடாது.

படத்தை மட்டும் நீக்கவில்லை. நேற்று அதையும் எடுத்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். வருகிறவர்களெல்லாம் யாரு இது, மதினியா என்று கேட்கிறார்கள், நானும் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வது. படம் எங்கே கிடக்கிறது என்று தேடித் திறந்தால், திரையில் தெரிந்தது பாதிதான். போனில் எடுத்த நெட்டைப் படம் அகலத் திரையில் அடங்காமல் இடுப்புக்குக் கீழே வெட்டுப்பட்டிருக்கிறது. முழுப் படத்தையும் அப்போதுதான் பார்த்தேன்.

முதலில் மணலில் ஒரு நிழல். படம் எடுத்தவருடைய நிழல். துப்பட்டா பறக்கிறது, இடுப்பில் ஒரு பிள்ளை. அது முத்துகிருஷ்ணனின் மனைவியாக இருக்கும். எனக்கு மூச்சு வந்தது. இத்தனை நாள் என்னென்னவோ நினைத்திருக்கிறேன், அதையெல்லாம் எழுத மாட்டேன், நீயும் கேட்காதே.

அதோடு மூடியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நிழல் வந்து முடிகிற இடத்தில் உன் கால். காலில் அதே சிவப்பு ரப்பர் செருப்பு. வாரில் நீல ஒயர். என் முடிச்சு எனக்குத் தெரியாதா? பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதுவேதான். அங்கே போனதும் வாங்கிக்கொள் என்றேனே பூங்கொடி. காலுக்கு ஒரு செருப்பு வாங்காமல் எனக்குக் கம்ப்யூட்டர் வாங்கி அனுப்பியிருக்கிறாய். நான் அதன்முன் உட்கார்ந்து உன் சிரிப்பைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருக்கிறேன்.

மாரி வந்து ஏன் அப்பா அம்மா காலைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். கம்ப்யூட்டரில் படம் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கிறேன் என்றேன். திரையில் இப்போது முழுப் படத்தையும் போட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் கறுப்பாகப் பட்டை விழுகிறது, விழட்டும். முத்துகிருஷ்ணன் சாருக்கும் அவர் வீட்டாருக்கும் என் விசாரிப்பைச் சொல். ஆனால் இனிமேல் உன் சேதியை நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். அதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனசு இல்லை.

கையெழுத்துப் போடாதே என்று எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? போடு என்று எழுதவும் கை வரமாட்டேன் என்கிறது. அதனால் ஒன்றுமட்டும் சொல்கிறேன். அங்கே செருப்பு வாங்காதே. உன் கால் அளவு எனக்குத் தெரியும், ஆனாலும் வாங்கி அனுப்ப மாட்டேன். நம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்கு நீயே வந்து, போட்டு, நாலு எட்டு நடந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதுவரை அந்த ஒயர் அறுந்துவிடாமல் செண்பகவல்லி அம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
அந்த முடிச்சைப் போட்டவன்,
வன்னியபெருமாள்