பைன் அடுப்பில் ஆரஞ்சுத் தோல்

மே 4

மழை. மாமாவின் உடைந்த இடுப்பெலும்பு ஒன்றுசேர இன்னும் நாளாகுமாம். ஆகவே தேயிலைக்குப் புகை போடும் புகைவீட்டு அடுப்பு என் தலையில் விடிந்தது. சியாமென் நகரத்து மதுக்கூடத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவளை இந்த மலையில் பைன் கட்டை தள்ள உட்காரவைத்துவிட்டார்கள். கீழே நானும் தீயும். மேல்மாடியில் மூங்கில் பாய்களில் தேயிலை. தீ எழும்பினால் இலை கருகும், அணைந்தால் புளித்துப்போகும். அதனால் நகரக் கூடாது. கழிப்பறைக்குப் போவதென்றாலும் அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

"சீசன் முடியற வரைக்கும்தான், சிங்யி" என்கிறான் குவாங்யாவ். புருஷன் பேச்சை நம்பி இரண்டு பைத் துணியோடு வந்தேன்.

மே 6

அத்தை என் ஷாம்பு, முகத்துக்குப் போடும் கிரீம், கைக்குப் போடும் கிரீம் எல்லாவற்றையும் பையில் கட்டிப் பரணில் போட்டுவிட்டார். "தேயிலைக்கு நம்மளவிட நல்ல மூக்கு. பக்கத்துல எது இருந்தாலும் இழுத்துக்கும்." சமையலில் பூண்டு கிடையாது. வீட்டில் சாராயப் பாட்டிலைத் திறக்கக் கூடாது. பூண்டு போடாத கீரையைத் தின்று தின்று எனக்கே இலை முளைத்துவிடும் போலிருக்கிறது.

மே 9

சியாமெனில் என்னோடு வேலை பார்த்த ஷுயே அக்கா போனில் பேசினார். ஜூன் மாத டிராகன் படகுத் திருநாளுக்குப் புது மதுக்கடை திறக்கிறார். சின்னக் கடைதான். "முழுசா நீயே பாத்துக்க. ஆனா உன் கையால ஒரு புதுப் பானம் வேணும்டி. கூட்டாளிங்க குடிச்சுப் பாத்துட்டுத்தான் சரின்னு சொல்லுவாங்க."

இவ்வளவு வருஷம் அடுத்தவர் கடையில் நின்றது இதற்காகத்தானே?

குவாங்யாவிடம் சொன்னேன். "அப்பா எந்திரிக்கட்டும், பாப்போம்" என்றான். அவன் 'பாப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

மே 12

மதியம் எல்லோரும் இலை பறிக்க மேலே போய்விடுகிறார்கள். நான், தீ, சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் மாமா. இருமலுக்கு என்று பொய் சொல்லி வாங்கிய சின்னப் பச்சை ஆரஞ்சு இருக்கிறது. போன வருஷத்துப் புகைத் தேயிலை டப்பா நிறைய இருக்கிறது. சாராயம்தான் இல்லையே என்று முனகியது மாமா காதில் விழுந்துவிட்டது போல.

"கட்டிலுக்கு அடியில பாரு. சோளச் சாராயம். உங்கத்தைக்குத் தெரியாது. எனக்கும் ஒரு வாய்."

தேயிலையைச் சாராயத்தில் ஊறப்போட்டு விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

மே 13

ஒரு நாள் முழுக்க ஊறியது தப்பு. வாயெல்லாம் கரி. மாமா மட்டும் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

மே 15

வந்துவிட்டது! ஒரு பானை சோறு வேகும் நேரம் ஊறினால் போதும், உடனே வடிகட்டிவிட வேண்டும். கற்கண்டுப் பாகு, இரண்டு பழச் சாறு, நிறைய ஐஸ், நன்றாகக் குலுக்கல். கடைசியில் தோலை மேலே முறுக்கி அதன் எண்ணெயைத் தெறிக்கவிட வேண்டும். முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு, விழுங்கிய பிறகுதான் புகை வருகிறது.

"வீடு பத்திக்கிட்ட மாதிரி இருக்கு" என்றார் மாமா. "இன்னொண்ணு போடு."

அளவை எழுதி ஷுயே அக்காவுக்கு அனுப்பினேன். அப்போது பார்த்து வாசலில் அத்தை குரல். குவளையை மாமாவின் போர்வைக்குள் தள்ளினேன். பழத்தோலை எங்கே போடுவது? கைநிறைய அள்ளி அடுப்பில் போட்டேன். எரிந்து சாம்பலானால் யாருக்குத் தெரியும்.

மே 16

தெரிந்துவிட்டது. எனக்குப் புத்தி எங்கே போச்சு? அந்தப் புகை நேரா மேலேதானே போகும்!

அத்தை ஒரு பிடி இலையை முகர்ந்தார். இன்னொரு பாயில் முகர்ந்தார். பிறகு மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நேற்று மாடியில் இருந்த அத்தனை இலையிலும் ஆரஞ்சு வாசனை. திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "தோலா போட்டே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

மே 17

ஷுயே அக்கா: "இங்க கெடச்ச புகைத் தேயிலையில செஞ்சு குடுத்தேன். கூட்டாளிங்க ரெண்டாவது தடவை கேட்டாங்க. எப்ப வர்றே?"

எந்த முகத்தை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் நான் இதைக் கேட்பது.

மே 21

ஃபூச்சோ நகரத்திலிருந்து தேயிலை வாங்கும் வியாபாரி தாங் வந்தார். அத்தை நல்லதை ஊற்றிக் கொடுத்தார். கெட்டுப்போனதை ஓரமாக வைத்திருந்தார். தாங் அதைத்தான் எடுத்து முகர்ந்தார், ஊற்றச் சொன்னார், குடித்தார். மேசையை இரண்டு விரலால் தட்டி இன்னும் ஊற்றச் சொன்னார்.

"இது முழுக்க எனக்கு. சிறுசுங்க இதைத்தான் கேக்குதுங்க. இனிமே வர்றதும் இப்படியே வேணும். யார் கைவேலை?"

குவாங்யாவ் பெருமையாக என்னைக் காட்டினான்.

மே 22

போச்சு. எல்லாம் போச்சு. இனி மாமா எழுந்தாலும் குவாங்யாவ் விடமாட்டான். "உன்னைவிட்டா யாருக்கு அந்தத் தோல் அளவு தெரியும்? இலையுதிர் காலம் வரைக்கும்தான்" என்கிறான். வெளியே போக நான் செய்த பானம் என்னை அடுப்போடு சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டது. கத்தினேன். நான் என்ன இந்த வீட்டு அடுப்பு இடுக்கியா, ஆணியில மாட்டி வைக்க? அவன் சிரித்துக்கொண்டே கட்டை எடுக்கப் போய்விட்டான்.

ஷுயே அக்காவுக்கு 'வரமுடியாது' என்று தட்டெழுதினேன். அனுப்பவில்லை. அழித்தேன். மறுபடி எழுதினேன்.

மே 24

காலையில் தாங் போன் பண்ணினார். அத்தை அடுப்பருகே வந்து நின்று, எங்கள் எல்லோர் முன்னாலும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"அந்தத் தேயிலை இனிமே வராதுங்க. மருமக தெரியாம செஞ்ச தப்பு. எங்க வீட்டுப் புகையில பைன் மட்டும்தான்."

குவாங்யாவ் தலையில் கைவைத்தான். "அம்மா, ஊரே அந்த மாதிரி ஒண்ணு கிடைக்காதான்னு அலையுது—"

"அலையட்டும். இவ இங்க இருந்தா என் தேயிலை தேயிலையா இருக்காது. இடுக்கியை நீ பிடி. இவளை பஸ் ஏத்திவிடு."

என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குச் சந்தோஷம் வரவேண்டும், முதலில் கோபம்தான் வந்தது. நல்ல மருமகளாக அடுப்பைக் காத்த நாளெல்லாம் கிடைக்காத விடுதலையை ஒரு பிடி தோல் வாங்கிக் கொடுத்ததே. மூட்டை கட்டும்போது அத்தை பரணிலிருந்து என் ஷாம்புப் பையை இறக்கிக் கதவருகே வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 12

கடை திறந்து மூன்றாம் நாள். கால் வலி. பானத்துக்கு வீட்டிலிருந்து எடுத்துவந்த போன வருஷத்துப் புகைத் தேயிலைதான். அத்தை போனில் பேசினார்.

"எந்த வீட்டுத் தேயிலைன்னு யாருகிட்டயும் சொல்லிறாதே."

சொல்லவில்லை அத்தை என்றேன். அந்தப் பக்கம் விறகு வெடிக்கும் சத்தமும் குவாங்யாவ் இருமுவதும் கேட்டது.

"குடிச்சவங்க என்ன சொன்னாங்க?"

"புகை கொஞ்சம் தூக்கல்னு சொன்னாங்க."

"அவங்களுக்கு என்ன தெரியும்" என்று வைத்துவிட்டார்.