பேச்சிக்கு யார் வெள்ளை பூசுனது

மே 8, வெள்ளி. காலையிலயே வெயில்.
என் படம்தான் அட்டை, என் படம்தான் அட்டை, ரைட்டர் மேடமே மெசேஜ் பண்ணிட்டாங்க.

போன்ல தொடரா வந்த அவங்க கதை, இப்ப புக்கா வருது. கதையில ரெண்டு காலம். அப்போ: ஒரு வெள்ளைக்கார துரை, வீட்டு வேலைக்காரி பேச்சிய வரையிறான். கருப்பியப் போயி வரைஞ்சிருக்கான்னு கிளப்ல கேலி. அவ முகத்து மேலயே வெள்ளை பூசிடுறான். இப்போ: அந்தப் படத்த சுத்தம் பண்ற பொண்ணு அடியில இருக்க முகத்தக் கண்டுபிடிக்கிறா. அந்த எபிசோடுக்கு வாசகர் குரூப்பே அழுதுச்சு. நானும்.

அந்த அடி முகம்தான் நான் வரைஞ்சது. மாடல் எங்கக்கா மலர். மொட்டைமாடி, உச்சி வெயில். "போதுமாடி, மண்டை காயுது."

மே 9, சனி. புழுக்கம்.
பால். டேட்டா ரீசார்ஜ். அக்கா கம்மலுக்குத் திருகு (மறந்துட்டேன்).

நாளைக்கு குரூப் மீட்டப், பேனர் வேணும். அவனியாபுரம் ஃபிளெக்ஸ் கடை. கண்ணன் அண்ணே பிரிண்ட் போட்டு விரிச்சாரு. பேச்சி செவப்பா இருக்கா.
"என்னண்ணே இது?"
"முகம் டல்லாருந்துச்சு பாப்பா, கலரத் தூக்கி விட்டேன். கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் அப்படித்தான. என் கல்யாண பேனர்ல நானே செவப்புதான். நேர்ல பாத்துட்டு மாமியார் யாரு இதுன்னுச்சு."
சிரிச்சுட்டேன். கொடுமையப் பாருங்கன்னு மேடத்துக்கு போட்டோ அனுப்புனேன்.
பதில்: "இது நல்லாருக்கேமா. இதையே அட்டைக்கு வச்சிருவோம்."
குரூப்லயும் போட்டுட்டாங்க. அம்புட்டு ஹார்ட்டு.

மே 10, ஞாயிறு. மழை வர மாதிரி வந்து போச்சு.
மீட்டப்புக்குப் போகல. அக்கா பேனர விரிச்சுப் பாத்தா.
"நல்லாத்தான்டி இருக்கு."
சுருட்டி வச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அங்கருந்து குரல் மட்டும்.
"அப்ப என்னைய எதுக்கு வெயில்ல உக்கார வச்ச?"

போன எடுத்தேன்.

மேடத்துக்கு: நான் முதல்ல அனுப்புனதப் போடுங்க, இல்லாட்டி என் படம் வேணாம். டைப் பண்ணி, அழிச்சு, திரும்ப டைப் பண்ணி, அனுப்பிட்டேன். டிக்கு நீலமாயிருச்சு. பதில் இல்ல. அட்டை போச்சுன்னுதான் நினைக்கிறேன்.

குரூப்ல போடுறதுக்கு, இங்க எழுதிப் பாக்குறேன்:

மக்களே, துரை வெள்ளை பூசுனப்ப அம்புட்டுப் பேரும் அழுதீங்கல்ல. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டுருக்கேன். எங்கக்காவும் பாக்குறா. பாத்துட்டு சொல்லுங்க, இந்தத் தடவ பூசுனது யாரு.