மோர் மிளகாயும் ஜெர்மனி வெயிலும்

ஜூன் 14

கார் போர்ச் கூரையில் சோலார் பலகை ஏற்றியதிலிருந்து என் வீட்டுக்காரர் தேவனின் கால் எங்கள் ஈப்போ சிலிபின் மண்ணில் படவில்லை. ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி சுரேனை இன்று வீடியோவில் சீண்டினார். "வருசத்துல பாதி குளிரு. உங்களுக்கு எதுக்கு லா சோலார்?"

தம்பி விடவில்லை. "இங்க வாடகைக்கு இருக்கிற என்னை மாதிரி ஆளுங்ககூட பால்கனியில பலகை மாட்டியிருக்கோம் மச்சான். ஈப்போவுல அவ்ளோ வெயிலு, உங்க வரிசையில எத்தன வீட்ல இருக்கு?"

எங்கள் வீட்டில் மட்டும்தான். மற்றவர்கள் இந்த மலேசிய வெயிலுக்கு ஏர்கானைத் தட்டிவிடுவார்கள், அவ்வளவுதான்.

பேச்சு முற்றிப் பந்தயமாகிவிட்டது. திங்கள் தொடங்கி ஒரு வாரம், ஒரு பலகைக்கு யாருக்கு அதிக கரண்ட்? தீபாவளிக்குத் தம்பி குடும்பம் இங்கே வரும்போது, தோற்றவர்தான் இரண்டு குடும்பத்துக்கும் சமைக்க வேண்டும். கடைச் சாப்பாட்டைத் தாப்பாவ் பண்ணிக் கட்டிக்கொண்டு வரக் கூடாது.

கல்யாணமான நாளாய்த் தீபாவளியன்று அடுப்படியில் வேகிறவள் நான். இவர் தோற்றால் — ஐயோ, நினைக்கவே இனிக்கிறது!

ஜூன் 16

மாடி ஜன்னலில் கை நீட்டினால் பலகை எட்டும். இவர் வேலைக்குப் போனதும் பழைய சாரோங் கைலியை அதன்மேல் விரித்து மோர் மிளகாய் காயப்போட்டேன். வெயில் வீணாகவில்லையே, இதில் என்ன தப்பு?

ஜூன் 18

"என்ன லா இது, வெயிலு கொளுத்துது, கரண்டு வரல?" போனைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். பாவமாய்த்தான் இருக்கிறது. ஆனால் மிளகாய் இன்னும் காயவில்லையே.

ஜூன் 20

மத்தியானம் மழை. மிளகாயை அள்ளப் போய் நானும் நனைந்தேன்.

ஜூன் 22

தோற்றார்! அங்கே கோடையில் இரவு ஒன்பதுக்கும் வெளிச்சமாம். முனகிக்கொண்டே போய்ப் படுத்துவிட்டார்.

பிறகு தம்பி மனைவி ஆலிஸ் தனியாகக் கூப்பிட்டாள். அழாத குறை. "அக்கா, இவரு தோக்கணும்னு பலகை மேல பெட்ஷீட்ட காயப்போட்டேன். அப்படியும் ஜெயிச்சிட்டாரே லா!"

அடிப்பாவி, நீயுமா? என் சாரோங் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

ஜூன் 23

ஆலிஸ் கெட்டிக்காரி. "பாவம் உங்க மச்சான், தனியா சமைக்க விடுறதா?" என்று கேட்டே தம்பியையும் அடுப்படிக்கு ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாள்.

அக்டோபர் 20, தீபாவளி

இரண்டு ஆம்பிளைகளும் சமைத்தார்கள். கறியில் உப்பு தூக்கல். நானும் ஆலிஸும் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இவர் மோர் மிளகாயைப் பொரித்து என் தட்டில் மட்டும் குவித்தார். "சாப்பிடு சரளா. நம்ம பலகையில காஞ்சதுதானே."

எனக்குப் புரையேறிவிட்டது. "எப்பலேருந்து தெரியும்?"

"பலகையைத் தொடைக்கிறப்ப விதை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பந்தயம் நடந்த வாரமே."

தெரிந்துமா சமைத்தார்? இன்னும் இரண்டு மிளகாய் எடுத்துக்கொண்டேன்.