இடிக்காத தோட்டா

பிரிக்பீல்ட்ஸ்,
வியாழக்கிழமை, 2 டிசம்பர் 1943.

அன்புள்ள மகள் மார்க்கிரட்டுக்கு,

துப்பாக்கி தோளில் இடிக்காமல் விட்டால் அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? உன் கடிதம் வந்த நாள்முதல் இதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே கைகால் சுகத்தோடு இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். ஜப்பான்காரர் கணக்குப்படி ஆண்டுக்கு 2603 என்று போடவேண்டும் என்பது இப்போதைய சட்டம், ஆனால் இது தபாலில் வரவில்லை. துணி வியாபாரி யூனுஸ் நாளை சிங்கப்பூரிலிருந்து வருகிறார், திரும்பும்போது கொண்டுவந்து தருவார், ஆகையால் பழைய ஆண்டையே போட்டிருக்கிறேன். படித்தவுடன் அடுப்பில் போட்டுவிடு. உன் போன கடிதத்தின் உறையில் பசை இரண்டு தடவை பூசியதுபோல் இருந்தது. யூனுஸிடம் கேட்டதற்கு, "ஆணையா நான் பிரிக்கல டீச்சரம்மா, எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும்" என்றார். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் வழியில் நேரம் நிறைய உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா இன்னும் ரயில்வே ஆபீஸுக்குப் போய்வருகிறார். காலில் ஒரு புண், இரண்டு மாதமாக ஆறவில்லை. சண்டைக்கு முன் வாங்கிய களிம்பில் கடைசி டப்பா ஒன்று மிச்சம் இருக்கிறது, அதை ஒரு குண்டூசித் தலையளவு எடுத்துப் பூசுகிறார், இன்னும் கொஞ்சம் பூசுங்கள் என்றால் கோபம் வருகிறது. பின்பக்கத்தில் மரவள்ளி நன்றாக வந்திருக்கிறது, தின்றுதான் அலுத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னைத் திரும்ப வரச் சொல்கிறார்கள். எனக்கே தெரியாத ஜப்பான் மொழியில் நான் என்ன கற்பிப்பது என்று கேட்டுவிட்டு வந்தேன்.

இனி உன் விஷயம், பெண்கள் படையில் நீ துப்பாக்கி பழகும் விஷயம். நீ எழுதியது எனக்கு மனப்பாடம். முதல் வாரம் தோள் கன்றி நீலம் பூத்தது, இடிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுட்டாய், குண்டு பலகைக்குப் பக்கத்திலும் போகவில்லை. பிறகு பயிற்சி கொடுக்கும் ஹவில்தார் ஜெயராஜ், தோட்டாவின் குண்டைக் கழற்றி, உள்ளே இடியப்பம்போல நூல்நூலாக இருக்கும் மருந்தில் கொஞ்சத்தை உருவிவிட்டு, குண்டைத் திரும்பப் பொருத்திக் கொடுத்தார். இப்போது இடி குறைந்துவிட்டது, கண்ணைத் திறந்து சுடுகிறாய், பலகையில் படுகிறது. அதுவரைக்கும் எனக்கும் மகிழ்ச்சிதான். அடுத்த வரிகளில்தான் என் மனம் நின்றுவிட்டது. இப்போது நீங்கள் நாலு பெண்கள் பிற்பகலில் கூடியிருந்து நூல் உருவுகிறீர்களாம், சில தோட்டா இடிப்பதே இல்லையாம், பூனைக்குட்டி மாதிரியாம், எதையும் பாதியாக்கிச் சமாளிக்க அம்மா கற்றுக்கொடுத்தது இங்கே உதவுகிறதாம். ஒரே தேயிலையை இரண்டுதரம் கொதிக்க வைக்கவும், அரிசிமாவில் பாதிக்கு மரவள்ளிமா சேர்த்து இடியப்பம் பிழியவும் நான் கற்றுக்கொடுத்தேன். தோட்டாவுக்குக் கற்றுக்கொடுத்ததாக நினைவில்லை. சென்னைக் கல்லூரியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாதி என்றால் தராசில் பாதி, கண் மதிப்பில் எடுத்த பாதியைத் தொட்டியில் கொட்டச் சொல்வார்கள். உங்களில் நூல்களை எண்ணுவது யார்? எண்ணுகிறவள் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கையை மறக்கிறவளா? உருவிய நூல் எல்லாம் எங்கே போகிறது? ஆற்றில் வெடி போட்டு மீன் பிடிக்கிறவர்கள் இங்கே அதற்கு அரிசி கொடுப்பார்கள், அங்கேயும் அப்படித்தான் இருக்கும். அத்தனை பெண்களில் உன் தோளை மட்டும் அவர் எப்படிக் கவனித்தார் என்றும் நீ எழுதவில்லை. அவருடைய வயது இல்லை, மணமானவரா என்பது இல்லை, நன்றாகப் பாடுவார் என்பது மட்டும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கருவாடு வாங்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிள்ளானுக்கு ரயிலேறினேன். அங்கே வேலாயுதம் என்பவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார், வெள்ளைக்காரர் காலத்தில் தொண்டர் படையில் துப்பாக்கி பழுதுபார்த்தவர், அவர் மகள் என்னிடம் படித்தவள். தோட்டா என்று நான் வாயெடுத்ததும், "சைக்கிள்ல தோட்டா கிடையாதும்மா, ஆளை மாத்திக் கேளுங்க" என்று சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். நான் உளவு பார்க்க வந்தவள் என்று அவர் நினைத்தார், அவர் என்னைப் பிடித்துக் கொடுத்துவிடுவார் என்று நான் நினைத்தேன், இருவருமாக அந்தச் சக்கரம் நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மகளுக்குத் தோள் கன்றிவிட்டது என்றேன். பொண்ணு எடை எத்தனை ராத்தல் என்றார். தொண்ணூறு என்றேன். "அப்ப துப்பாக்கிதான் பொண்ணைச் சுட்டிருக்கு" என்று சிரித்தார். பிறகு ஒரு சின்னப் பித்தளைக் குழாயில் மரவள்ளித் துண்டு ஒன்றை அடைத்து மெதுவாக ஊதினார், அது நடுவில் போய் நின்றது. பின்னால் இன்னொரு துண்டை அடைத்து, பம்பைப் பொருத்தி ஓங்கி அழுத்தினார், பம்பின் ரப்பர் குழாய் கழன்று அவர் முகத்துப் பக்கமே அடித்தது. "பாத்தீங்களா? புது ஆளுக்கு மருந்தைக் கொறைக்கிறது உண்டும்மா, ஆனா அளந்து செய்யணும், ஒரே கை செய்யணும். பொண்ணுங்க கதை பேசிக்கிட்டு உருவுற வேலையா இது? இடி கொறைஞ்சா நல்லது. இடியே இல்லேன்னா குண்டு குழலுக்குள்ளயே நிக்குதுன்னு வச்சுக்கங்க. அடுத்ததைச் சுட்டா கன்னத்துப் பக்கம் வெடிக்கும்" என்றார்.

அவர் சொன்னதையும் நான் முழுதாக நம்பிவிடவில்லை. உன் பூனைக்குட்டிகள் இதுவரை குழலில் நின்றிருந்தால் நீ அந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டாய். ஆனால் இதுவரை என்பது ஒரு நிரூபணம் அல்ல. ஆகவே பிள்ளை, அம்மா சொல்வதைக் கேள். சத்தம் அமுங்கிக் கேட்டாலும் தோளில் இடி தெரியாவிட்டாலும் அடுத்த தோட்டாவைத் தொடாதே. துப்பாக்கி வாயை மண்மேட்டுப் பக்கமே பிடித்துக்கொண்டு அறுபது எண்ணு. பிறகு தோட்டாவை உள்ளே தள்ளும் அந்த போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாகக் குழலுக்குள் பார், வெளிச்சம் தெரியவேண்டும். துப்பாக்கிக் கட்டையின் அடிக்குழியில், நுனியில் பித்தளைக் கட்டி கோத்த துடைப்புக் கயிறு இருக்குமாம், அதைக் குழலுக்குள் இறக்கு, மறுபக்கம் வந்து விழுந்தால் வழி திறந்திருக்கிறது. உங்களுடையது தொலைந்துபோயிருக்கலாம் என்று வேலாயுதம் தன்னிடமிருந்த ஒன்றைத் தந்தார். அதை நூலுருண்டைக்குள் வைத்துச் சுற்றி அனுப்புகிறேன், கேட்பவர்களுக்குப் பின்னல் நூல் என்று சொல். மருந்து நூல் உருவும் வேலையை உடனே விட்டுவிடு, தோள் நீலமானால் ஆறும். கருவாடு வாங்க மறந்துவிட்டேன், அப்பா ஒன்றும் கேட்கவில்லை, அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க மறக்காதே.

உன் அன்புள்ள அம்மா,
நேசம்மா சிவசம்பு.

வெள்ளிக்கிழமை, பிற்பகல்.

யூனுஸ் பதினொரு மணிக்கு வந்தார். வாசலிலேயே, "ஒங்க மக நல்லாருக்கு, மொதல்ல தண்ணி குடுங்க" என்றார். குடித்து முடித்தபின் உன் கைக்குட்டை முடிச்சைக் கொடுத்தார். உள்ளே குழலில் சிக்கித் தட்டி எடுத்த, மூக்குத் தட்டையான ஒரு குண்டும் உன் கடிதமும் இருந்தன. சத்தம் அமுங்கியதையும், நீ ஒன்றும் யோசிக்காமல் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவைத் தள்ளப்போனதையும், பக்கத்தில் படுத்திருந்த ஜெயராஜ் இடுக்கில் தன் கட்டைவிரலைத் திணித்ததையும், நீ அதன்மேலேயே போல்ட்டைச் சாத்தியதையும் எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் அவர் உன் பக்கத்தில் அப்படித்தான் கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பார் என்பதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். "நகம் போச்சு, சதையும் பிஞ்சு தொங்குது, மனுசன் ஒரு வார்த்தை திட்டலையாம். குழலைக் காட்டி, 'வெளிச்சம் தெரியுதா பாரு'ன்னாராம்" என்றார் யூனுஸ். பெண்கள் நூல் உருவுவது அன்றோடு நின்றது, இனி அவர் ஒருவரே தராசு வைத்துச் செய்வார் என்கிறாய். உருவியதை அன்றன்றே எரித்துவிடுகிறாராம். கண்ணால் பார்த்தீரா என்று யூனுஸிடம் கேட்டேன், இல்லை என்றார்.

மேலே ஜெயராஜைப் பற்றி எழுதியதை நான் அடிக்கவில்லை, எழுதும்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். விரல் ஆறும்வரை அவருடைய கடிதங்களை நீதான் எழுதிக் கொடுக்கிறாய் என்கிறாய். யாருக்கு எழுதுகிறார் என்று நீ எழுதவில்லை.

அப்பா சாப்பிட வீட்டுக்கு வந்தவர் அந்தக் குண்டை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்க் களிம்பு டப்பாவை எடுத்துவந்து, "விரலுக்கு" என்று யூனுஸ் கையில் வைத்தார். நான் தடுக்கவில்லை.

நே.