கட்டிலுக்கடியில் ஊரணி

வைகாசி, செவ்வாய் இரவு.

பேத்தி கயல் புவியியல் படித்தவள். தூர்ந்துபோன ஊரணிகளை மீட்க வரைபடம் போடுகிறாள்.

"நம்ம குடிதண்ணி ஊரணி எங்கிட்டு இருந்துச்சு அப்பத்தா?"

"பக்கத்து வீட்டுல, என் கொழுந்தன் வீட்டுக்கடியில. மூடுன பாவி மொகத்துல நாப்பது வருசமா முழிக்கல."

லேப்டாப்பில் ஊரின் பழைய வரைபடத்தைக் காட்டினாள். "இல்ல அப்பத்தா. நாம ஒக்காந்திருக்க எடம்."

நான் பிரசவத்துக்குப் போய்த் திரும்பியபோது கரையே தெரியாமல் மண்ணடித்திருந்தது; அடித்தது என் வீட்டுக்காரரா? தன் தம்பிதான் மூடினான் என்றாரே.

"குறிச்சா வீட்ட இடிப்பாங்க. விட்டுரவா?"

மழையே இல்லை, ஆனாலும் கட்டிலடித் தரை ஈரம். குடிதண்ணி ஊரணியில் யாரும் செருப்போடு இறங்க மாட்டோம். முட்டிவலிக்காக வீட்டுக்குள் போடும் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தேன். கயல் பார்த்துவிட்டு வரைபடத்தில் குறித்தாள்.

கட்டிலடியில் தவளை கத்துகிறது.