நாச்சியம்மாள் நன்னாரி

தாராபுரம்
25.3.2024

கண்ணு யுவஸ்ரீ,

போன் பண்ண வேண்டாம் என்றாயே, அதனால் வேர் மூட்டைக்குள்ளேயே கடிதம் வைக்கிறேன். பதினைந்து கிலோ நன்னாரி. உன் அம்மா ஒவ்வொரு வேராக மோந்து பார்த்துத்தான் கட்டினாள். நடுக்குச்சியை உருவிப்போட்டு ஊறவைக்கச் சொன்னாள். சித்திரை ஒண்ணாந்தேதி சர்பத் கடை திறக்கிறாயாமே? பஸ் கண்டக்டர் சொல்லித்தான் தெரிகிறது. பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லை. போகட்டும், நாங்களே வாரோம்.

உன் அப்பா,
மாரப்பன்

கோயம்புத்தூர்
31.3.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். பாட்டிலில் என் மாமியார் நாச்சியம்மாள் போட்டோவைத்தான் போட்டிருக்கிறோம். பக்குவம் அம்மாவுடையதுதான். ஆனால் நம்ம ஆளுங்க செய்தது என்று தெரிந்தால் இவர்கள் சொந்தத்தில் ஒருத்தரும் வாயில் வைக்க மாட்டார்கள். வருவதென்றால் வாங்க. யாராவது கேட்டால் வேர் கொண்டுவருபவர்கள் என்று சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் பட்டுச்சேலை கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் செல்லம்,
யுவஸ்ரீ

தாராபுரம்
16.4.2024

கண்ணு,

கடை நன்றாக இருக்கிறது. வாசலில் நிற்கவைத்துப் பேப்பர் கப்பில் கொடுத்தார்கள், குடித்தோம். உன் மாமியாரின் அக்கா, "ஏன் அம்மணி, இவங்க ஆரு?" என்று கேட்டதும் நீ முந்திக்கொண்டு, "வேர்க்காரங்க, பெரியத்தை" என்றாய். நாங்களே சொல்லியிருப்போம். உன் வாயால் கேட்டது எனக்குத் தாங்கவில்லை.

ஊர் வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா, "எலுமிச்சை சாஸ்தியாப் போச்சு, அவகிட்டச் சொல்லிப்போடுங்க" என்றாள்.

அப்பா

கோயம்புத்தூர்
20.4.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்றைக்கு வேறு வழியில்லை, உங்களுக்கே புரியும். எலுமிச்சையைக் குறைத்துவிட்டோம், எல்லோரும் பாராட்டுகிறார்கள். கத்திரி வெயில் தொடங்குமுன் இன்னும் இருபது கிலோ வேண்டும். மற்றவர்கள் தரும் வேரில் வாசமே இல்லை. அம்மாவை மத்தியானமும் போய்த் தோண்டச் சொல்லுங்கள், கொஞ்ச நாளைக்குத்தானே. காலி மூட்டையில் அத்தை கட்டிக் கழித்த சேலை இரண்டு வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு ஆகும்.

யுவஸ்ரீ

தாராபுரம்
13.5.2024

யுவஸ்ரீ அம்மா அவர்களுக்கு,

வணக்கமுங்க. நீங்கள் கேட்டதில் பன்னிரண்டு கிலோதான் இருக்கிறது. மீதிக்காக மத்தியான வெயிலில் கிளுவை வேலிக்குள் கைவிட்டபோது என் சம்சாரம் பழனியாத்தாளை விரியன் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. பதினாறாம் நாள் காரியமும் முந்தாநாள் முடிந்தது. உங்களுக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்பீர்கள். சாவுச் சேதி சொந்தக்காரங்களுக்கு மட்டும்தானுங்க சொல்லி அனுப்பினோம்.

இப்படிக்கு,
மாரப்பன்